மூணாவது அடி

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பழனி. அப்புறம் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்று நீ சொல்லக் கூடாது. ரங்கூனில் தாகேதா பகோடாத் திருவிழா. மூங்கில் கட்டி மணல் கொட்டின சண்டை மேடை. வெயில் சாய்கிற நேரம். மேடைக்குள்ளே உன் தம்பி ஆறுமுகம். அவனுக்கு எதிரே த்வாண்டேயில் பானை செய்கிற வீட்டுப் பையன் சிட் கோ. இரண்டு பேருக்கும் நடுவில் நடுவர் ஊ மியா. ஆறுமுகத்தின் மூலையில் வாளியும் துண்டுமாக நீ. உனக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா. முன்வரிசை நாற்காலியில், லத்தாவிலிருந்து வந்த சண்டை ஏற்பாட்டுக்காரர், சீனர் ஆ செங். பெண்கள் பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே உன் அத்தை அஞ்சலை. அவளை ஒட்டி நான். மேளக்காரர்கள் ஐந்து பேர், பேர் தெரியாது, முகம் இன்றைக்கும் தெரியும். மற்றதெல்லாம் கூட்டம். கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

எல்லார் பேரையும் எழுதினேன், உங்கள் அப்பா பேரை மட்டும் எழுதவில்லை, பார்த்திருப்பாய். தாலி ஏறின நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. வார்டு ஆபீசிலிருந்து வீட்டு ஆட்களின் பட்டியல் எடுக்க வருவார்களே, குடும்பத் தலைவர் பேர் என்ன என்று கேட்டால் உன்னைத்தான் முன்னால் தள்ளுவேன். பக்கத்து வீட்டு பர்மாக்காரிகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், புருஷன் பேர் மறந்துபோச்சா என்று. மறக்கவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று என்னை வளர்த்தார்கள். அந்த மரியாதை என்ன செய்தது என்று பின்னால் எழுதுகிறேன்.

நான் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவள். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். உன் அக்கா மகள் வல்லிக்குத் தமிழ் காதால் புரியும், கையால் வராது. வந்தாலும் இதை அவளிடம் சொல்லி எழுதச் சொல்ல மாட்டேன். நாலு நாளாக நானேதான் எழுதுகிறேன். போன வாரம் டெலிபோனில் நீ சொன்ன ஒரு பேச்சுக்காகத்தான் எழுதுகிறேன். உன் மைதானத்தில் ஆடுகிற ஒரு பையனைப் பற்றி நீ வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாய்.

"ஒரு பையன்மா, இருபத்திரண்டாம் நம்பர். இடி வாங்கி விழுந்து எழுந்திருச்சவன் நேரா எதிராளிங்க கூட்டத்துல போய் நின்னுட்டான். அவங்களே சிரிச்சு இவனை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாங்க."

சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய். இந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை என்றதும் நிறுத்தினாய். ஓரத்துக்கு அவன் வந்தபோது துண்டு கொடுக்கிற சாக்கில் இது எந்த ஊர் என்று நீ கேட்டதையும், அவன் தன் அம்மா இருக்கிற ஊரைச் சொன்னதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்றாய். அதை எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு ஆட்டம் பார்த்துட்டு எழுதலாம்னு இருக்கேன்மா."

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மாசம் இருக்கிறது என்றாய், அதோடு லைன் போய்விட்டது. நீ மறுபடி கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. வல்லி எடுக்கப் போனாள், அவள் கையைத் தட்டிவிட்டேன். ஏன் என்று இந்தக் கடிதம் முடியும்போது உனக்குத் தெரியும்.

உன் வேலை எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ கடல் தாண்டிப் போன புதிதில் அந்தக் கல்லூரி மைதானத்தில் வியர்வைத் துண்டு துவைக்கிற வேலை என்றாய். அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிற வேலை. நின்ற இடத்தில் நீ சும்மா நிற்காமல், இவனுக்கு முழங்கால் போச்சு, அவன் வலியை மறைக்கிறான் என்று முணுமுணுத்தது யாரோ பெரிய ஆள் காதில் விழுந்திருக்கிறது. இன்றைக்குச் சம்பளத்துக்கு விளையாடுகிற ஒரு அணிக்காகக் கல்லூரிப் பையன்களைப் பார்த்து, தேறுவானா தேற மாட்டானா என்று எழுதிக் கொடுக்கிற ஒருவருக்குக் கீழே இருக்கிறாய். அவருக்கு இந்த இருபத்திரண்டாம் நம்பர் மேல் ஏற்கெனவே ஆசை. நீயும் நல்லவிதமாக எழுதினால் உன் வேலை நிரந்தரம். இவ்வளவும் நீ சொன்னதுதான், நான் ஒன்றும் கூட்டவில்லை.

நீ அனுப்பின படத் தட்டை வல்லி டி.வி.யில் போட்டுக் காட்டினாள். பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் விட்டார்கள், அந்த நேரம் பூராவும் பார்த்தேன். பலாக்கொட்டை மாதிரி ஒரு பந்து. தலையில் ஆளுக்கொரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ரன்னிங் பேக் என்று நீ சொல்கிற பையன் பின்னால் நின்று, பந்தைக் கையில் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கிற அத்தனை ஆட்களுக்குள்ளும் புகுந்து ஓட வேண்டும். அவர்கள் இவனைக் கொன்று தள்ளுகிற மாதிரி விழுந்து சாய்க்கிறார்கள். எழுந்திருக்கிறான், மறுபடி பந்தைக் கொடுக்கிறார்கள், மறுபடி சாய்க்கிறார்கள். வல்லி பாதியில் எழுந்து போய்விட்டாள். கையை ஓங்கிக் குத்தாமலே இப்படி அடிக்கிறார்களே பாட்டி என்றாள். நான் போகவில்லை. எனக்கு இது பழகின காட்சி.

தட்டில் நீ மூன்று பையன்களை அனுப்பியிருந்தாய். முதல் பையனுக்கு நல்ல ஓட்டம். நாற்பது கஜம் ஓடவிட்டு நேரம் பார்த்தால் அவன்தான் முந்துவான். ஆனால் இடி வருகிற நொடியில் கண்ணை மூடுகிறான், பந்தை ஆள் இருக்கிற பக்கத்துக் கையிலேயே வைத்திருக்கிறான். வேண்டாம். இரண்டாவது ஆள் குட்டை, தொடை உரல் கணக்காக இருக்கிறது. சந்து திறக்கிறவரைக்கும் பொறுக்கிறான், தோளைத் தாழ்த்திப் புகுகிறான், எத்தனை பேர் பிடித்தாலும் முன்பக்கமாகத்தான் விழுகிறான். பந்து தன்னிடம் இல்லாதபோதுகூட, பந்தை எறிகிறவனுக்காகக் குறுக்கே பாய்ந்து அடியைத் தான் வாங்கிக்கொள்கிறான். அவனை எடுத்துக்கொள்ளச் சொல், இரண்டு நாளைக்கு யோசிக்கத் தேவையில்லை. மூன்றாவது பையன்தான் உன் இருபத்திரண்டு. மூன்று பேரிலும் அவன்தான் அழகு. ஓடும்போது இடுப்பு பாம்பு மாதிரி திரும்புகிறது. உன் மேலாளுக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. அந்த இடியை மட்டும் வல்லியைக் கூப்பிட்டு ஆறு தரம் திருப்பிப் போடச் சொன்னேன். பக்கவாட்டில் ஒருவன் வந்து பானையோடு பானையை மோதுகிறான். இவன் தலை ஒரு பக்கம் போகிறது, உடம்பு ஒரு பக்கம் போகிறது. எழுந்திருக்கிறான். முதல் அடி நேராக வைக்கிறான். இரண்டாவது அடி நேராக வைக்கிறான். மூணாவது அடி.

உனக்குத் தெரியும் இது யார் சொல்லிக் கொடுத்தது என்று. உங்கள் அப்பாவுக்குப் பகலில் மர ஆலையில் வேலை, ஆனால் ரங்கூனில் லத்வே சண்டை நடத்துகிறவர்களுக்கு அவர் கண்தான் வேண்டும். கையில் துணி மட்டும் சுற்றிக்கொண்டு, குத்து, முழங்கை, முழங்கால், தலை, எல்லாவற்றாலும் அடிக்கிற சண்டை. ஊர் ஊராகத் திருவிழாக்களில் அடித்துக்கொள்கிற பையன்களில் எவன் பெரிய மேடைக்குத் தேறுவான் என்று அவர் போய்ப் பார்த்து வருவார். எல்லாரும் அடிக்கிற கையைப் பார்ப்பார்கள், அவர் அடி வாங்குகிற தலையைப் பார்ப்பார். அடி வாங்கினவன் அதற்கப்புறம் வைக்கிற மூணாவது அடியைப் பார்க்க வேண்டும் என்பார். முதல் அடி பழக்கம், இரண்டாவது வீம்பு, மூணாவதில்தான் மூளை தெரியும் என்பார். அது கோணினால் அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், எவ்வளவு பெரிய ஆள் சிபாரிசு செய்தாலும். எத்தனை பிள்ளைகளை அப்படிக் காப்பாற்றி அனுப்பினார் என்று நீயும் பார்த்தாய். அதையும் எழுதத்தானே வேண்டும்.

தன் பிள்ளைகளை மட்டும் அவர் பார்க்க மாட்டேன் என்றார். சொந்தப் பிள்ளை என்றால் கண் பொய் சொல்லும் என்றார். அந்தப் பேச்சை உடைத்தது நான்தான். எண்பத்தெட்டுக் கலவரத்துக்கப்புறம் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்தது. பதினேழு வயசு ஆறுமுகம் சும்மா இருக்க முடியாமல் மணல் மூட்டையைக் குத்திக் குத்தித் திருவிழாச் சண்டைகளில் ஜெயித்துக்கொண்டு வந்தான். மேடையில் அவன் பேர் ஆங் மோ. வீட்டில் ஒரு பேர், வெளியில் பர்மாப் பேர் ஒன்று, நம்மில் எவனுக்குத்தான் இரண்டு பேர் இல்லை? அவன் ஜெயித்து வந்தால் எனக்குப் பெருமை. முட்டையை அவித்து உனக்கு ஒன்று, அவனுக்கு மூன்று வைப்பேன். உன் முகம் போகிற போக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். ஊரான் பிள்ளையை எல்லாம் தூக்கிவிடுகிறீர்கள், உங்கள் பிள்ளைக்கு என்ன குறைச்சல் என்று உங்கள் அப்பாவை நாளுக்கு நாலு தரம் குத்தினேன். கடைசியில் அவர் ஆ செங்கைக் கூட்டி வந்தார்.

இன்னொன்றும் என் தப்பு. அதற்கு ஒரு மாசம் முன்னால் த்வாண்டேயில் ஒரு சண்டையில் அவன் இரண்டு தரம் விழுந்திருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. திரும்பி வருகிற படகில் வாந்தி எடுத்தான், வீட்டுக்கு வந்தும் எடுத்தான். படகு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நான் இஞ்சி தட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கிடந்தான். சோம்பேறி என்று காலால் எத்தினேன். கல்லூரியிலேயே எத்தனை தடவை பந்தைத் தூக்கினான் என்று எண்ணுவோம்மா, ஒவ்வொரு உடம்புக்கும் இத்தனை இடிதான் என்று ஒன்று இருக்கிறது, ரன்னிங் பேக்குக்கு முப்பது வயசுக்குள் அது தீர்ந்துவிடும் என்று நீ ஒரு தரம் சொன்னாய். நீ சொல்லச் சொல்ல நான் இந்த இஞ்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடை ஏறுவதற்கு முன்னால் அவன் உன்னைக் கிண்டல் செய்தானாம். "துண்டை நனைக்காதேண்ணே, துடைக்க ஒண்ணும் இருக்காது" என்றானாம். சிட் கோ எதிர் மூலையில் முழங்கையை மடக்கி உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சவால் விட்டான். களிமண் மிதித்த கால், களிமண் பிசைந்த கை. முதல் சுற்றில் ஆறுமுகம் அவன் விலாவில் முழங்காலை ஏற்றினான், எலும்பு ஒடிகிற சத்தம் பெண்கள் பக்கம் வரைக்கும் வந்தது. கூட்டம் எழுந்து நின்றது, நானும் எழுந்து நின்று கத்தினேன், கொல்லுடா என்று கத்தினேன். பெற்ற வாய் அது. இரண்டாவது சுற்றில் சிட் கோவின் முழங்கை இவன் புருவத்தைப் பிளந்தது. தோல் மடங்கித் தொங்கிற்று. இவன் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, அதே கையால் அவன் வாயில் குத்தினான், ஒரு பல் மணலில் விழுந்தது. மேளம் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த ஐந்து பேரும் சண்டை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாகத்தான் அடிப்பார்கள், அது அவர்கள் வேலை. மூன்றாவது சுற்றில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சிட் கோ தலையைப் பின்னால் இழுத்து, சுத்தியலை இறக்குகிற மாதிரி இவன் காதுக்கு மேலே இறக்கினான். ஒரு தரம். இன்னொரு தரம். ஆறுமுகம் கையைத் தொங்கவிட்டு மரம் மாதிரி விழுந்தான். முகம் மணலில், மூக்கால் மணலை இழுத்துக்கொண்டிருந்தான்.

வேறு சண்டையாக இருந்தால் அதோடு முடிந்தது. லத்வேயில் முடியாது. விழுந்தவனை எழுப்ப அவன் ஆட்களுக்கு இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள். எழுந்துவிட்டால் சண்டை தொடரும். நீ வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாய். உங்கள் அப்பா ஐஸ் கட்டியைப் பிடரியில் வைத்துத் தேய்த்து, காது மடலைக் கடித்தார். நான் எழுந்து ஓடினேன். அஞ்சலை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உன் மகன் என்ன கண்ணாடியா? ஆம்பளைங்க பார்த்துப்பாங்க, உட்காரு" என்றாள். அவள் கையை நகத்தால் கீறிவிட்டுத்தான் போக முடிந்தது. அந்த இழுப்பில் போன நேரத்துக்காக அவளோடு பதினொரு வருஷம் பேசவில்லை. செத்த அன்றைக்கு அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, அந்தத் தழும்பு கையில் இருப்பதைப் பார்த்துத்தான் மன்னித்தேன்.

மேடை ஓரத்து மூங்கிலுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். கையை நீட்டினால் பிடித்து ஏறலாம். பெண் கை அந்த மேடையில் பட்டால் தீட்டு, சண்டைக்காரனுக்கு ஆகாது. என் கை மூங்கிலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு ஆகாது என்றுதான் நிறுத்தினேன், பழனி. அங்கே நின்றுதான் எல்லாவற்றையும் கேட்டேன். ஊ மியா ஒழுங்கான மனிதர். மற்ற நடுவர்கள் ஆள் காலில் நிற்கிறானா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அவர் ஒருவர்தான் குனிந்து பேர் கேட்பார். உட்கார்த்தி வைத்திருந்த என் பிள்ளையிடம் பர்மாவில் கேட்டார், உன் பேர் என்ன?

"பழனி" என்றான்.

ஒரு நாளும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவன். சண்டை வந்தால்கூட அண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். உன்னைக் கூப்பிட்டானா, தன்னையே நீ என்று நினைத்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஊ மியாவுக்குத் தெரிந்த பேர் ஆங் மோ. ஆனால் நம் ஆட்களுக்கு வீட்டுப் பேர் வேறே இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் பேர் தப்பு என்று சண்டையை நிறுத்தியிருப்பார். நிமிர்ந்து உங்கள் மூலையைப் பார்த்து, இது இவனோட கலாப் பேரா, அதாவது இந்தியாக்காரப் பேரா என்று கேட்டார். எனக்கு உங்கள் இரண்டு பேரின் முதுகுதான் தெரிந்தது. இரண்டு முதுகில் ஒன்று சொல்லிற்று.

"ஹொட்கே." ஆமாம் என்று.

ஊ மியா கையைத் தூக்கினார். மேளம் விழுந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "ஏங்க" என்று கத்தினேன். ஏங்க, ஏங்க, ஏங்க. கூட்டமும் மேளமும் போட்ட கூச்சலில் ஏங்க யார் காதில் விழும், விழுந்தாலும் அது யாரை? பேரைச் சொல்லிக் கத்தியிருந்தால் உங்கள் அப்பா திரும்பியிருப்பார். எந்தச் சத்தத்திலும் ஆளுக்குத் தன் பேர் கேட்கும். தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கம் அதை உள்ளே தள்ளிவிட்டது.

ஆறுமுகம் எழுந்து நின்றான். முதல் அடி நேராக வைத்தான். இரண்டாவது அடி நேராக வைத்தான். மூணாவது அடி பக்கவாட்டில் போயிற்று. எதிரியை விட்டுவிட்டு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சிட் கோ அதற்குள் பாய்ந்துவிட்டான், பாய்ந்த உடம்பை நிறுத்த முடியாது. தலையில் மோதின சத்தம் தேங்காய் உடைகிற சத்தம் இல்லை, எல்லாரும் அப்படிச் சொல்வார்கள். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். விழுந்தவன் குதிகால் இரண்டும் மணலை உதைத்துக்கொண்டே இருந்தன, மேளம் நிற்கிற வரைக்கும், நின்ற பிறகும். சைக்கா வண்டியில் என் மடியில் போட்டு, நீ மிதித்து, தாகேதாப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதிலிருந்து வந்த ரத்தம் என் சேலையை நனைத்து உன் முதுகில் தெறித்தது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான்.

சிட் கோ ஒவ்வொரு வருஷமும் அந்த மாசத்தில் த்வாண்டேயிலிருந்து ஒரு பானை கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போவான், கதவைத் தட்ட மாட்டான். முதல் மூன்று பானையையும் அவன் தெருமுனை தாண்டுவதற்குள் உடைத்தேன், சத்தம் கேட்கட்டும் என்றுதான். நாலாவது பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஊ மியா நடுவர் வேலையை விட்டார். ஆ செங் வாங்க வந்த ஆள், பொருள் உடைந்துபோனதும் எழுந்து போனார், அவரிடம் எனக்கு என்ன கோபம்? என் கோபமெல்லாம் உங்கள் அப்பாவுக்குத்தான். ஹொட்கே சொன்னது அவர் என்று நினைத்தேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயசு, அவர் இருக்கும்போது நீ வாய் திறப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மிக் குழவியைத் தூக்கி அவர் வலது கையில் போட்டேன். இரண்டு விரல் நசுங்கிற்று. அவர் கையை இழுக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார், இன்னொரு தரம் போடு என்கிற மாதிரி. நீ நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. அந்த வீட்டில் நான் ஒருத்திதான் கத்திக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் நீ எல்லை தாண்டிப் போனாய், அவரால்தான் போனாய் என்று அதையும் அவர் தலையில் போட்டேன். இருபது வருஷம் சோற்றைத் தட்டில் போடும்போது எறிந்துதான் போட்டேன். ஒரு தரம் கொதிக்கிற கெட்டிலை எறிந்தேன். கழுத்தில் அந்தத் தழும்போடுதான் போய்ச் சேர்ந்தார்.

பெரிய புயலில் நம் கூரை போன வருஷம், நனைந்து நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தானாகத்தான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஆமான்னு சொன்னது நான் இல்ல. பெரியவன்."

"உங்களுக்குக் காது கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"பேரு தப்புன்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பேசல?"

நசுங்கின கையால் கிண்ணத்தை ஒதுக்கினார். பிறகு சொன்னார், "மூணாவது அடியைப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

கிண்ணத்தில் கஞ்சி சூடாக இருந்தது. முகத்தில் ஊற்றவில்லை. மிச்சத்தையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தேன். இருபது வருஷம் அவர் செய்யாததற்கு அடித்தேன், அவரும் உனக்காக வாங்கிக்கொண்டார், அதற்கு அவரைக் கும்பிடலாம். அவர் செய்தது என்ன என்று தெரிந்தபோது அடிக்க உடம்பு இல்லை. தன் பிள்ளை தன் பேரை மறந்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஆ செங் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெரிந்துகொண்டே, ஊரான் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, இன்னும் மூன்று அடி நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் கண் காத்திருந்தது. எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பின கண்.

நீ சொன்னாய், பழனி. இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்கவில்லை, ஏனென்றால் டெலிபோனில் நீ அழுதால் என்னால் பிடிக்க முடியாது. நடுவர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அப்பா பேசவில்லை, அப்பா பேசாவிட்டால் சரி என்றுதான் அர்த்தம் என்று அந்த வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் நினைக்கும். நீ அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாய். உன்னை நான் மன்னித்துவிட்டேன். எழுதுகிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவும்போதே மன்னித்துவிட்டேன். மூங்கிலில் படாமல் நின்ற என் கையை மன்னிக்க இன்னும் நாளாயிற்று, அதுவும் ஆயிற்று.

ஆனால் அன்றைக்கு உனக்குப் பத்தொன்பது, இன்றைக்கு நாற்பது. அன்றைக்கு நீ வாளி பிடித்த ஆள், இன்றைக்குக் கண் உன்னுடையது. இன்னும் ஒரு ஆட்டம் பார்த்துட்டு எழுதலாம்னு இருக்கேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கேட்டது உன் குரல் இல்லை, உங்கள் அப்பா குரல். என்ன பார்க்கப் போகிறாய்? எதிராளி கூட்டத்தில் போய் நின்றதைப் பார்த்தாய். ஊர் பேர் தப்பாகச் சொன்னதைக் கேட்டாய். நீ ஒருவன்தான் கேட்டாய். அவனை எடுக்க வேண்டாம் என்று எழுத நான் சொல்லவில்லை, அதற்கு அங்கே டாக்டர்கள் இருப்பார்கள். நடந்ததை எழுது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் எழுது, உன் மேலாளிடம் மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதே, அந்தக் கல்லூரிக்காரர்களுக்கும் சொல். அந்தப் பையன் உன்னைத் திட்டுவான், அவன் அம்மா உன்னைச் சபிப்பாள், சபித்தால் வாங்கிக்கொள். உன் வேலை போனால் போகட்டும், துண்டு துவைக்கத் தெரியும் உனக்கு. நம்பர் போதும் அம்மா, பேர் எதற்கு என்றாய். இருபத்திரண்டு என்று எழுதாதே. அவள் அவனுக்கு வைத்த பேரை எழுது.

கை வராது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. வாயால் சொல்லாத ஒரு பேரை அறுபத்துநாலு வயசில் முதல் தரமாக நானே எழுதப் போகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும். அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

வேலாயுதம்.